தகரக் கொட்டகையில் நான் கழற்றிய ஊசிகள்

திருச்சுழியில் என்னைப் பெரிய மனிதர் என்று சொல்பவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். ஒரு பெண்ணின் பிழைப்பைக் காப்பாற்றுவதற்காகச் செய்யாத குற்றத்தைத் தன் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டவர் என்கிறார்கள். அருப்புக்கோட்டையில் என் மகனும் அவனுக்கு வேண்டியவர்களும் வேறு விதமாகச் சொல்கிறார்கள். எழுபதைத் தாண்டிவிட்டது, முன்னைப் போல ஞாபகம் இல்லை, ஏதோ சொல்கிறார், விட்டுவிடுங்கள் என்கிறார்கள். இரண்டு கட்சிக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். எனக்குப் பெரிய மனசும் கிடையாது, மறதியும் கிடையாது. அந்தக் காரியத்தை நான்தான் செய்தேன். தெரிந்தே செய்தேன்.

நான் மதுரையில் இயற்பியல் முதுகலை படித்தவன். வாத்தியார் வேலைக்குப் போவேன் என்று வீட்டில் நினைத்தார்கள். நானோ கம்ப்யூட்டர் விற்கப் போனேன். நூல் வியாபாரம் செய்த குடும்பம் என்பதால் கடை வைப்பதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. நாட்டில் பெயர் பெற்ற ஒரு பெரிய கம்பெனியின் ஏஜென்சி என் கைக்கு வந்தது. அருப்புக்கோட்டை, பந்தல்குடி, திருச்சுழி, பரளச்சி என்று இந்தக் கரிசல் காடு முழுவதும் எங்கள் பெட்டிதான் போனது.

இந்தத் தொழிலில் வெளியே சொல்லாத ஒரு விஷயம் உண்டு. எந்தக் கம்பெனி பெட்டியைத் திறந்தாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான். நாலைந்து தொழிற்சாலைகள் செய்து கொடுக்கும் சாமான்களைத்தான் எல்லோரும் ஒன்றுசேர்த்துப் பூட்டுகிறார்கள். பெட்டியும் பெயரும்தான் வேறு. இல்லாத வித்தியாசத்தை இருப்பதுபோலக் காட்டுவதற்குத்தான் விளம்பரப் பலகை, தீபாவளி ஸ்கீம், இலவசப் பை, வெளிநாட்டுச் சுற்றுலா எல்லாம்.

என் பங்குக்கு நானும் ஒரு வித்தியாசத்தை உண்டாக்கினேன். எனக்குக் கைராசி உண்டு என்று ஊரில் ஒரு பேச்சு. அதை நான் மறுக்கவில்லை, வளர்த்தேன். புது மெஷினுக்கு எல்லாக் கடைக்காரர்களும் வெளியே சந்தனப் பொட்டு வைப்பார்கள். நான் பக்கத்துத் தகட்டைக் கழற்றி உள்ளேயும் ஒரு பொட்டு வைப்பேன். "வெளிப்பொட்டு ஊருக்கு, உள்பொட்டு மெஷினுக்கு" என்பேன். படித்த படிப்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் ஜனங்களுக்குப் பிடித்தது. போகப் போக, வேறு கடையில் வாங்கியவர்கள்கூட மெஷினை ஆட்டோவில் ஏற்றி வந்து, "அண்ணாச்சி, ஒரு உள்பொட்டு வச்சு ஆன் பண்ணிக் குடுங்க" என்று நின்றார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் அடுத்த மெஷினை என்னிடமே வாங்கினார்கள். எந்தக் கம்பெனி ஸ்கீமும் செய்யாத வேலையை அந்தச் சந்தனக் கிண்ணம் செய்தது.

திருச்சுழியில் அந்தப் பெண் கடை போட்டபோது நான் பொருட்படுத்தவில்லை. பரளச்சிப் பக்கத்துக்காரி. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் களையெடுத்து அவளை டிப்ளமோ படிக்க வைத்திருந்தார்கள். மேற்கே ஒரு சின்னக் கம்பெனி, சாமான்களைத் தனித்தனியாக அனுப்பி, கடைக்காரரையே பூட்டி விற்கச் சொல்லும். அந்தக் கம்பெனியின் ஏஜென்சியை அவள் எடுத்திருந்தாள். தாலுகா ஆபீசைச் சுற்றி மனு டைப் அடிக்கும் கடைகளும் ஆன்லைனில் பதிந்து கொடுக்கும் கடைகளும் நிறைய. அவர்கள் மெஷின் ஒரு நாள் படுத்தாலும் அன்றைய வருமானம் போச்சு. எங்கள் கம்பெனியின் ஆள் மதுரையிலிருந்து வர ஒரு வாரம் ஆகும். அவளோ போன் செய்த அன்றே ஸ்கூட்டியில் வந்து நிற்பாள். காற்றுப் போகும் துளைகளுக்கு மெல்லிய துணி தைத்து ஒட்டிக் கொடுப்பாள், கரிசல் புழுதி உள்ளே போகாமல். இரண்டு வருஷத்தில் திருச்சுழி என் கையை விட்டுப் போய்விட்டது.

கம்பெனியின் ஏரியா மேனேஜர் மதுரையிலிருந்து காரில் வந்தார். வயதில் என் மகனைவிடச் சின்னவர்.

"சார், ஒரு லேடி, ஒரு ஸ்கூட்டி. அவங்ககிட்ட நாம தோக்குறமா? அங்க ஒரு ஸ்கூல் லேப் வருது. அது மட்டும் அவங்களுக்குப் போச்சுன்னா, உங்க ஏஜென்சியப் பத்தி நான் மேல பேச முடியாது."

அன்றிலிருந்து நானும் என் மகனும் போகிற இடமெல்லாம் ஒன்றையே சொன்னோம். அந்தச் சின்னக் கம்பெனிப் பெட்டி நம் வெயிலைத் தாங்காது. சொல்வதற்குச் செலவில்லை. பொய் என்று காட்டத்தான் செலவு.

பேச்சு அவள் காதுக்குப் போனது. திருச்சுழி பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஒரு உரக்கடை. அதன் பின்னால் மூட்டை அடுக்கும் தகரக் கொட்டகை. சித்திரை மதியத்தில் அதற்குள் மனிதன் நிற்க முடியாது. ஒருநாள் நான் உரக்கடையில் உட்கார்ந்து இதே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தபோது அவள் நேரே வந்துவிட்டாள்.

"அண்ணாச்சி, ஊரு முழுக்கச் சொல்லிக்கிட்டுத் திரியாதீக. இந்தக் கொட்டகையிலயே வைப்போம். உங்க மெஷினு ஒண்ணு, என் மெஷினு ஒண்ணு. ரெண்டுலயும் ஒரே படத்த ஓட விடுவோம். எது படுக்குதுன்னு ஊரு பாக்கட்டும்."

உரக்கடைக்காரருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "ஏ, இது நல்லா இருக்கே! கெடாச் சண்ட மாதிரில்ல இருக்கு. கரண்டு என் செலவு. டீ தோத்தவுக செலவு." பள்ளிக்கூடத் தாளாளரையும் கூப்பிட்டுவிட்டார். லேப் ஆர்டர் அந்தக் கொட்டகையில் முடிவாகும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

குறித்த நாளில் மேனேஜர் வந்தார். என் மகன் வந்தான். ஒருவர் மெஷினை மற்றவர் திறந்து பார்க்கலாம் என்று பேச்சு. அவள் எங்கள் மெஷினை எட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். பிறகு தன் மெஷினின் பக்கத் தகட்டைத் தானே கழற்றி வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அண்ணாச்சி, ரெண்டுக்கும் உங்க கையாலயே உள்பொட்டு வச்சு ஆன் பண்ணிருங்க. எதிராளியா இருந்தா என்ன, கைராசி கைராசிதான?"

கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்தேன். எதிரியிடமே கைராசி கேட்பது வேறு ஊர்களில் நடக்குமா என்று தெரியாது. எங்கள் ஊரில் அதை யாரும் விசித்திரமாகப் பார்க்கவில்லை.

கம்ப்யூட்டருக்குள் கணக்குப் போடும் சில்லின் மேல் ஒரு அலுமினியக் கட்டி உட்கார்ந்திருக்கும், அதன் மேல் சின்ன விசிறி. சில்லின் சூட்டை வாங்கி வெளியே தள்ளுவது அதுதான். அதை நான்கு மூலையிலும் பிடித்திருப்பவை நான்கு பிளாஸ்டிக் ஊசிகள். தலையைக் கால் வட்டம் திருப்பி மேலே இழுத்தால் பிடி விட்டு, கட்டி சில்லை விட்டு எழும்பிவிடும்; சூடு வெளியே போக வழியில்லாமல் மெஷின் படுத்துவிடும். சந்தனம் தொட்ட விரலோடு என் கை உள்ளே போனது. பொட்டு வைத்தேன். அதே கை எதிரெதிர் மூலையில் இருந்த இரண்டு ஊசிகளைத் திருப்பி இழுத்தது. உள்ளங்கை மறைத்துக்கொண்டது. கண் மூடித் திறக்கும் நேரம்தான். கையை எடுத்து, கும்பிட்டு, தகட்டை நானே மூடினேன்.

கை தானாகப் போனது, ஏதோ ஒரு வேகத்தில் செய்துவிட்டேன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். அவள் மெஷினைத் திறந்து பார்க்கும் சாக்கில் செய்வதற்காக, முந்தின நாளே என் கடையில் ஒரு பழைய மெஷினை வைத்து அதைச் செய்து பார்த்திருந்தேன்.

இரண்டு திரைகளிலும் ஒரே படம் ஓடியது. டீ வந்தது, வடை வந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் திரையில் படம் திக்க ஆரம்பித்தது. பிறகு உறைந்தது. பிறகு கறுத்தது. எங்கள் திரையில் கதாநாயகன் பாடிக்கொண்டே இருந்தான்.

அவள் ஓடிப் போய்த் தகட்டைக் கழற்றினாள். கட்டி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்தாள். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அங்கேயே நான் உடைந்திருப்பேன் என்று பின்னால் பல முறை நினைத்தேன். அதுவும் பொய்தான். உடைந்திருக்க மாட்டேன்.

"கம்பெனி மேல தப்பில்ல," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "ஊசி சரியா ஏறல. பூட்டுனது நான். தப்பு என் கையில."

கம்பெனியைக் காப்பாற்ற நினைத்தாள். ஆனால் ஊருக்கு அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. "பொம்பளப்பிள்ள பூட்டுன மெஷினுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று யாரோ சொல்ல, டீக்கடை வரைக்கும் அது போய்ச் சேர்ந்தது. பள்ளிக்கூட ஆர்டர் எனக்கு வந்தது. மேனேஜர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

இதற்குப் பிறகு நான் செய்தது இதைவிட மோசம். அவளிடம் வாங்கியவர்கள் பயந்துபோய் ஒவ்வொருவராக மெஷினைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தார்கள். "அண்ணாச்சி, ஊசி சரியா இருக்கான்னு பாருங்க." திறந்து பார்ப்பேன். எல்லா ஊசியும் ஒழுங்காக ஏறியிருக்கும். வயர்களை வாழைநார் கட்டுவதுபோல ஓரமாகச் சேர்த்துக் கட்டியிருப்பாள். குறை சொல்ல ஒன்றும் இருக்காது. நான் கொஞ்ச நேரம் ஸ்க்ரூடிரைவரை உருட்டிவிட்டு, "இப்பச் சரி பண்ணிட்டேன், போங்க" என்பேன். ஒவ்வொரு முறையும் சொன்னேன். காசு வாங்கவில்லை. காசு வாங்காததால் என் மேல் மரியாதை இன்னும் கூடியது.

அவள் கடைக்கு ஆள் போவது நின்றது. அவள் பூட்டும் மெஷினை நம்பலாம் என்ற பெயர் ஒன்றுதான் அவளுடைய முதல். அது போய்விட்டது. சின்னக் கம்பெனி வேறு ஆள் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டது.

ஆனி மாதம் ஒரு நாள் அவள் என் கடைப் படியேறி வந்தாள். கையில் ஒரு அட்டைப் பெட்டி. சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"அண்ணாச்சி, எனக்கு ஒரு ஒதவி. நான் எங்க தப்புப் பண்றேன்னு எனக்கே தெரியல. உங்க கண்ணு முன்னால ஒண்ணு பூட்டுறேன். பாத்துச் சொல்லுங்க. திருத்திக்கிறேன்."

என் மேசையிலேயே பெட்டியைப் பிரித்தாள். மின்சுற்றுப் பலகையை வைத்தாள், சில்லை வைத்தாள், அதன் மேல் சூடு கடத்தும் பசையைத் தடவினாள், கட்டியை அமர்த்தி நான்கு ஊசிகளையும் அழுத்தினாள். ஒவ்வொன்றும் டக்கென்று உட்கார்ந்தது. அழுத்திவிட்டுப் பலகையைத் திருப்பி அடிப்பக்கமும் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள், பரீட்சைத் தாளைத் திருத்தக் கொடுத்த பிள்ளை மாதிரி.

"எங்க தப்பு?"

என்னால் ஏதாவது ஒன்றைச் சொல்லியிருக்க முடியும். இன்னும் கொஞ்சம் அழுத்து தாயி என்றால் போதும், நன்றி சொல்லிவிட்டுப் போயிருப்பாள். வாய் வரைக்கும் வந்தது.

"தப்பு இல்ல," என்றேன். "அன்னைக்கும் இல்ல. நான்தான் கழட்டுனேன். பொட்டு வைக்கும்போது."

அவள் ஊசியின் மேலிருந்து கையை எடுத்தாள். அழவில்லை. திட்டவும் இல்லை.

"இத எதுக்கு எங்கிட்டச் சொல்லுறீக?" என்றாள். "எனக்குத் தெரிஞ்சு என்ன ஆகப் போகுது? எந்தக் கொட்டகையில கழட்டுனீகளோ அங்க போயிச் சொல்லுங்க. அதே ஆளுக முன்னால."

"நான் கடைய மூடிர்றேன். திருச்சுழிப் பக்கமே வரல. மொத்த ஏவாரத்தையும் நீயே..."

"நீங்க போட்ட பிச்சையில நான் ஏவாரம் பாக்கணுமா? கடைய மூடாதீக. நல்லாத் தொறந்து வைங்க. என் பேரக் கெடுத்தீகள்ல, அத மட்டும் திருப்பிக் குடுங்க."

போய்ச் சொன்னேன். உரக்கடையில், தாளாளர் இருக்கும் நேரமாகப் பார்த்து, அவளையும் வரச் சொல்லி, கூட்டம் சேர்த்துச் சொன்னேன். வெட்கப்பட்டுக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். நடந்தது என்ன தெரியுமா? தாளாளர் எழுந்து வந்து என் தோளைத் தொட்டார்.

"அந்தப் பிள்ள கடை படுத்துருச்சேன்னு மனசு கேக்காம இப்படிப் பழிய ஏத்துக்கிறீகளே அண்ணாச்சி. எங்களுக்குப் புரியாதா? யாருக்கு வரும் இந்த மனசு!"

உரக்கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் எவ்வளவு கத்தியும் பயனில்லை. கத்தக் கத்த என் பெருமை வளர்ந்தது. அங்கிருந்த ஒருவன் அவளைப் பார்த்து, "ஏத்தா, அண்ணாச்சி கால்ல விழுந்து கும்பிட்டுக்க" என்றான். அவள் அவனைப் பார்த்த பார்வையில் அவன் டீ கிளாசை எடுத்துக்கொண்டு நகர்ந்தான்.

கடைக்குத் திரும்பினால் சேதி தெரிந்து மகனும் மேனேஜரும் காத்திருந்தார்கள். "அப்பாவுக்குக் கொஞ்ச நாளா ஞாபகம் தடுமாறுது சார், டாக்டர்ட்டக் காட்டணும்" என்று என் எதிரிலேயே என் மகன் சொன்னான். மேனேஜர் சொன்னார்: "சார் ரெஸ்ட் எடுக்கட்டும். நாம அந்த வெயில் டெஸ்ட்ட வச்சு ஒரு விளம்பரம் பண்றோம். ஊர் ஊரா அதத்தான் காட்டப்போறோம்."

செய்த குற்றத்தை ஒத்துக்கொள்ளக்கூட விடமாட்டார்கள் என்றால் எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது? மரியாதையான குடும்பம், படித்த மனிதன், கைராசிக்காரன். இப்படிப்பட்டவன் செய்திருக்க மாட்டான். களையெடுத்தவர் வீட்டுப் பெண் சரியாகப் பூட்டியிருக்க மாட்டாள். ஊரின் கணக்கு இவ்வளவுதான். அந்தக் கணக்கு எப்படிப் போகும் என்று தெரிந்துதான் நானும் துணிந்து கையை உள்ளே விட்டிருந்தேன். வெளியே வரப் பார்த்தபோது அது என்னையும் விடவில்லை.

ஆகட்டும் என்று மறுநாளே என் சொந்தக் காசில் எங்கள் கம்பெனியின் புது மெஷின் ஒன்றுக்குப் பில் போட்டேன். அதைத் திருச்சுழிக்கு ஏற்றிப் போனேன். போகிற வழியெல்லாம் போனில் ஆள் சேர்த்தேன். மகனும் மேனேஜரும் பின்னாலேயே காரில் வந்தார்கள்.

"சார், வேண்டாம். கம்பெனிப் பேரு கெடும்," என்றார் மேனேஜர் கொட்டகை வாசலில்.

"அது கம்பெனி மெஷின் இல்ல தம்பி. நான் காசு குடுத்து வாங்குனது. என் மெஷினு, நான் என்ன வேணாலும் செய்வேன். பில்லு பாக்கணுமா?"

கூட்டத்தைப் பார்த்துச் சொன்னேன். "நான் பெரிய மனசுக்காரன்னு சொன்னவுக முன்னால வாங்க. எனக்குப் புத்தி தடுமாறிருச்சுன்னு சொன்னவுகளும் வாங்க. என் கையையே பாத்துக்கிட்டு இருங்க. கண்ணச் சிமிட்டாதீக."

தாளாளரை ஒரு பக்கமும் உரக்கடைக்காரரை ஒரு பக்கமும் நிறுத்தினேன். தகட்டைக் கழற்றி, முதலில் நான்கு ஊசிகளும் ஏறியிருப்பதை அவர்கள் விரலாலேயே தொட்டுப் பார்க்கச் செய்தேன். பிறகு சந்தனம் தொட்டுப் பொட்டு வைத்துக் கையை எடுத்தேன்.

"இப்ப நான் என்ன செஞ்சேன்?"

"பொட்டு வச்சீக," என்றார் உரக்கடைக்காரர்.

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லையே."

தகட்டை மூடி ஓடவிட்டேன். வெயில் தகரத்தில் காய்ந்துகொண்டிருந்தது. இந்த முறை டீ வரவில்லை. வெயில் டெஸ்ட்டில் ஜெயித்த எங்கள் கம்பெனியின் மெஷின் திக்கியது, உறைந்தது, கறுத்தது. தகட்டைக் கழற்றிக் காட்டினேன். எதிரெதிர் மூலையில் இரண்டு ஊசிகள் மேலே நின்றன.

உரக்கடைக்காரர் மெஷினைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். "அடப் பாவி மனுசா," என்றார். இத்தனை வருஷப் பழக்கத்தில் அவர் என்னை மரியாதை இல்லாமல் பேசியது அன்றுதான். எனக்கு அது போதுமாக இருந்தது. மகன் காரில் போய் உட்கார்ந்துகொண்டான்.

அப்போது அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். என் மெஷினுக்குள் கையை விட்டு, கட்டியைக் கழற்றித் துடைத்து, புதுப்பசை தடவி, நான்கு ஊசிகளையும் அழுத்தினாள். மூடி, ஓடவிட்டாள். ஓடியது. பிறகு தாளாளர் பக்கம் திரும்பினாள்.

"சார், உங்க ஸ்கூலு லேப்ல இருக்குறது பூரா இவுக கையால பொட்டு வச்ச மெஷினுதான? நான் வேணா ஒரு தடவ வந்து தொறந்து பாக்கட்டுமா? எதுக்கும் நல்லது."

கொட்டகை அதிரச் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. அவள் வாயிலிருந்து அது வர வேண்டியதுதான். தாளாளர் சிரிக்கவில்லை. "நாளைக்கே வாம்மா," என்றார். "வருஷப் பராமரிப்புக்கும் ரேட்டு எழுதிக் கொண்டா."

என் ஏஜென்சி போய்விட்டது. விளம்பரமும் வரவில்லை. மகன் கடைக் கணக்கு விஷயமாக மட்டும் என்னோடு பேசுகிறான். ஊரில் நான் முதலில் சொன்ன இரண்டு கட்சிகளும் முழுதாக அழியவில்லை. கொட்டகைக்கு அன்று வராதவர்கள் தங்களுக்கு வசதியானதை நம்புகிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். அவளிடம் வாங்கி, என்னிடம் கொண்டுவந்து, நான் "சரி பண்ணிய" மெஷின்கள் எல்லாவற்றையும் அவள்தான் சரியாகப் பூட்டியிருந்தாள். நான் ஒரு ஊசியைக்கூடத் தொடவில்லை. இதற்கு மேலும் என்னை நல்லவன் என்று யாராவது சொன்னால், அவர்கள் எனக்காகச் சொல்லவில்லை, தங்களுக்காகச் சொல்கிறார்கள்.

கொட்டகையில் நடந்ததற்கு மறுநாள் லேப்புக்கு நானும் போயிருந்தேன். தாளாளர்தான் வரச் சொன்னார், விற்றவன் என்ற முறையில். அவள் ஒவ்வொரு மெஷினாகத் திறந்தாள். ஏதாவது ஒன்றில் இல்லாத குறையைச் சொல்லி என்னை முடித்துவிட்டுப் போயிருக்கலாம். யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். நான் தயாராகத்தான் நின்றேன்.

கடைசி மெஷினை மூடிவிட்டு, "எல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு சார். ஒரு குறையும் இல்ல," என்றாள்.

நான் கிட்டே போய் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"உங்களுக்காகச் சொல்லல அண்ணாச்சி. உள்ளதச் சொன்னேன்," என்றாள், முதல் மெஷினின் காற்றுத் துளைக்குத் துணி வெட்டிக்கொண்டே. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வெளிச்சத்த மறைக்கிறீக."